சத்தம் பின்னால் வரும்

லண்டன் கிங்ஸ்பரியில் உள்ள அந்த வீட்டின் மாடியறைச் சுவரில் அபிஷன் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே சமையலறையில் அவன் மனைவி கௌசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். துளைக்கும் கருவியின் இரைச்சல் அவளை ஒன்றும் செய்யவில்லை. இரைச்சல் நின்றபோதுதான் அவள் கையும் பாதியில் நின்றது. கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் இரைச்சல் தொடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடியில் சுவரோடு பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது ஓர் ஒடுக்கமான இரும்பு அலுமாரி. அதற்குள் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, குடியேறப் போகிறது.

அபிஷன் தெற்கு லண்டனில் மிச்சம் என்னும் ஊரில் பிறந்து வளர்ந்தவன். கணினி நிறுவனமொன்றில் வேலை. அலுவலக நண்பர் ஒருவரோடு இருமுறை ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போய், இரவல் துவக்கால் மான் சுட்டுவிட்டு வந்தான். அன்று பிடித்த ஆசை அவனை விடவில்லை. பொல்லாத மனிதன் அல்லன். குளவி ஒன்று வீட்டுக்குள் வந்தாலும் குவளையால் மூடி வெளியே கொண்டுபோய் விடுகிறவன். ஆனால் அந்த மலைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தை அணைக்கும் சொல்லைக் கௌசியால் இதுவரை சொல்ல முடியவில்லை.

தலைமயிரெல்லாம் சுவர்த் தூளோடு அவன் இறங்கி வந்தான்.

“கௌசி, ஆட்டிப் பார்த்தன், அசையேல்லை. வீடு விழுந்தாலும் அலுமாரி நிக்கும்.”

“வீடு விழாமல் நிக்கிறதுக்கு ஏதும் வழி இருக்கோ?”

“விசர்க்கதை கதைக்காதையும். இப்ப சொல்லும், சிக்ஸ் பொயின்ற் ஃபைவோ, திறீ ஓ எய்ட்டோ?”

“சோபாவுக்கு நிறம் கேட்ட மாதிரிக் கேக்கிறியள்.”

“சோபாவுக்கு நீர் ஒரு வருசம் எடுத்தனீர். பொலிஸ் அவ்வளவு காலம் பொறுத்திருக்காது.”

அவள் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

இந்த நாட்டில் துவக்கு வாங்குவதற்குப் பொலிஸாரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் துவக்கின் கலிபர், அதாவது குண்டு ஓடும் குழலின் விட்டம், குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே எது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். அனுமதி வழங்குவதற்கு முன் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பார்வையிடுவார். அதன்பின் வீட்டில் இருப்பவரிடம், முக்கியமாக மனைவியிடம், தனியாகப் பேசுவார். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பார்.

அபிஷன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். “ஓம் எண்டு ஒரு சொல்லுத்தான். அவ்வளவும் போதும்.”

அந்த ஒரு சொல்லைத்தான் கௌசி இரவெல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஓம் என்றால் துவக்கோடு ஒரு கூரையின் கீழ் வாழ வேண்டும். இல்லை என்றால் அவனுடைய ஆசையைத் தன் வாயாலேயே கொன்றவள் ஆவாள்.

*

லண்டனின் தெற்கு எல்லையைத் தாண்டியிருந்த துவக்குக் கடைக்கு அவளையும் அவன் அழைத்துப் போனான். நேரில் பார்த்தால் பயம் தெளியும் என்பது அவனுடைய எண்ணம். கடைக்காரர் மிகவும் மென்மையாகப் பேசுகிறவர். பச்சைக் கம்பளித் துணியின்மேல், வெடிமருந்து இல்லாத, காட்சிக்காக வைத்திருக்கும் இரண்டு தோட்டாக்களை நகைக்கடையில் தோடு வைப்பதுபோல் வைத்தார்.

“இது திறீ ஓ எய்ட். இராணுவத்தார் இதே விட்டத்தைச் செவன் பொயின்ற் சிக்ஸ் ரூ என்பார்கள். பருமனானது, நம்பகமானது, எங்கும் கிடைக்கும். ஆனால் தூரம் கூடக் கூடத் தாழ்ந்துகொண்டே போகும். மற்றது சிக்ஸ் பொயின்ற் ஃபைவ். மெலிந்து நீண்டது, காற்று இதை அவ்வளவாகத் தள்ளாது, தோளில் உதைப்பதும் குறைவு. மானை நெருங்க முடியாத வெட்டவெளி மலைகளுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.”

செவன் பொயின்ற் சிக்ஸ் ரூ, 7.62. அந்த எண்ணைக் கௌசி இங்கிலீஷ் படிப்பதற்கு முன்பே அறிந்திருந்தாள். போர் நடந்த வன்னியில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

“அவ்வளவு தூரத்திலிருந்து சுட்டால் மான் துன்பப்படாதா?” என்று அபிஷன் அக்கறையோடு கேட்டான்.

“சரியாகப் பட்டால் அதற்கு ஒன்றுமே தெரியாது ஐயா. குண்டு சத்தத்தை முந்திக்கொண்டு போகிறது. சத்தம் வந்து சேரும்போது மான் விழுந்திருக்கும். அது வெடியைக் கேட்பதே இல்லை.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். கௌசி பச்சைத் துணியில் கிடந்த தோட்டாக்களையே பார்த்தாள்.

“படாவிட்டால்?” என்றாள்.

“மன்னிக்க வேண்டும், அம்மணி?”

“மானில் படாவிட்டால் அது எங்கே போகும்?”

கடைக்காரர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். “பின்னால் மேடு இருந்தால் மண்ணுக்குள் புதைந்துவிடும். மேட்டைப் பின்னால் வைத்தே சுட வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் ஒழுக்கம்.”

“மேடு இல்லாவிட்டால்?”

“இரண்டு மைல், மூன்று மைல்கூடப் போகலாம். இவை இரண்டில் எதை எடுத்தாலும் அப்படித்தான். அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை.”

அவள் நன்றி சொன்னாள். மிகவும் பணிவாக, இரண்டு தடவை சொன்னாள். பின்பு வெளியே வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போரின் அந்தக் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில், கஞ்சி வாங்குவதற்கு அவளும் அக்காவும் வரிசையில் நின்றார்கள். அன்று ஷெல் வீச்சு இல்லை. நெடுநாளைக்குப் பிறகு அமைதியாக இருந்த ஒரு காலை. அக்கா கையில் இருந்த அலுமினியச் சட்டியைக் காட்டி, “இதுக்குள்ளை ஒரு துண்டு மீன் கிடந்தால் எப்பிடி இருக்கும்?” என்று சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே மடிந்து உட்கார்ந்தாள். விளையாடுகிறாள் என்று கௌசி நினைத்தாள். அதன் பிறகுதான், நீர்ப்பரப்புக்கு அப்பால், எங்கோ வெகு தொலைவில், யாரோ காய்ந்த சுள்ளியை முறித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது.

அது அக்காவைக் குறிவைத்து வந்த குண்டு அல்ல. வேறு எதற்கோ சுட்டது, அதில் படாமல், தடுப்பதற்கு மண் இல்லாமல், வந்துகொண்டே இருந்திருக்கிறது.

வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று அபிஷன் நினைத்துக்கொண்டிருந்தான். தீபாவளி வெடிக்கும் கலங்காதவள் என்பதை அவன் கவனிக்கவில்லை. அக்கா ஷெல்லில் போனவர் என்று அவன் தானாகவே எண்ணிக்கொண்டிருந்தான், அவளும் திருத்தவில்லை. கலியாணமான புதிதில் அதைச் சொல்லத் தொடங்கியபோது அவன் கண் கலங்கியது, அவள் நிறுத்திவிட்டாள். பிறகு அதற்கு வேளை வரவே இல்லை.

“சிக்ஸ் பொயின்ற் ஃபைவ் எண்டு முடிவெடுத்திட்டன்,” என்று அவன் காருக்குள் ஏறியபடி சொன்னான். “மற்றதின்ரை பேரைக் கேட்டவுடனை உம்மடை முகம் மாறினது. அது வேண்டாம்.”

அவன் தன்மேல் வைத்த அன்பினால்தான் அப்படித் தெரிவு செய்தான் என்பது அவளுக்கு விளங்கியது. அதனால் பயம் இன்னும் கூடியது. அன்போடு கேட்பவனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

*

அதிகாரி வருவதற்கு முதல் நாள் காலையிலேயே அபிஷனின் தாயார் சுவர்ணா அம்மையார் மிச்சத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார். கைப்பையில் உளுந்து, கறிவேப்பிலை, ஒரு கேக்.

“பொலிஸ் வீடு தேடி வருது. வெறும் தேத்தண்ணியோ குடுக்கிறது?”

“மாமி, அவ சாப்பிட வரேல்லை. அலுமாரி பாக்க வாறா.”

“ஊரிலை வீட்டுச் சோதினைக்கு வந்த ஆமிக்காரரும் சாப்பிட வரேல்லைத்தான், பிள்ளை. போகேக்கை கோழியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். நாங்களா வடை குடுத்தால் மரியாதையாப் போகும்.”

அபிஷன் வயிறு குலுங்கச் சிரித்தான். அம்மையார் வீடு முழுவதையும் கூட்டித் துடைத்தார். அலுமாரி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து மடித்துக் குப்பைக்கு வைத்தார். மாலையில் குளித்து, சேலை மாற்றி, கோயிலுக்குப் போய் எல்லாருக்கும் திருநீறு கொண்டுவந்தார். கௌசியின் நெற்றியிலும் பூசிவிட்டார். “என்ன பிள்ளை, நெத்தி குளிர்ந்துபோய்க் கிடக்குது?” என்று கேட்டார். “வேலைக் களைப்பு, மாமி,” என்றாள் கௌசி.

சனிக்கிழமை காலை விளக்கேற்றுவதற்காகச் சமையலறை மூலையில் இருந்த சாமித்தட்டின் கதவை அவள் திறந்தாள். பிள்ளையார் படத்துக்கு முன்னால், வெற்றிலையின்மேல், இரு பக்கமும் பல் வைத்த நீளமான சாவியொன்று கிடந்தது. அதன் தலையில் சந்தனமும் குங்குமமும்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கார் வாங்கியபோதும் இந்த வீட்டை வாங்கியபோதும் மாமி அப்படித்தான் சாவியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில் வைத்தார். அலுமாரியோடு வந்த இரண்டாவது சாவி அட்டைப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். அபிஷன் ஒன்றை மட்டும் எண்பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்றதை நினைக்கவே இல்லை.

“சாவி என்னைத் தவிர ஒருத்தற்றை கையிலும் படக்கூடாது. நீர் கூட அது எங்கை எண்டு அறியக்கூடாது. அதிலை பிழைச்சால் எல்லாம் பிழைச்சுது,” என்று அவன் எத்தனையோ தரம் சொல்லியிருந்தான்.

கௌசி சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்கவே வேண்டாம். அதிகாரி இதைக் கண்டுபிடிப்பார், அனுமதி கிடைக்காது, பிழை யாருடையதும் அல்ல, மாமியின் பக்தியுடையது. அவள் நல்ல மனைவியாகவே இருந்துவிடலாம். நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது. அந்த இலேசே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வாசல் மணி அடித்தது. அவள் சாமித்தட்டின் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

*

அதிகாரியான திருமதி வோல்ஷ் சீருடை அணிந்திருக்கவில்லை. சாதாரண மழையங்கியும் சேறு படிந்த சப்பாத்துமாக வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று அவரே கேட்டார். சீருடை இருந்திருந்தால் எப்படிப் பயப்பட வேண்டும் என்று கௌசிக்குத் தெரிந்திருக்கும். காலுறையோடு நடந்து வந்த அதிகாரியைப் பார்த்து எப்படிப் பயப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பயந்தாள்.

மாடியில் அலுமாரியை ஆட்டிப் பார்த்தார்கள். கீழே வந்து வரவேற்பறையில் அமர்ந்தார்கள். வடையும் கேக்கும் வந்தன. திருமதி வோல்ஷ் ஒரு வடையை எடுத்துக் கடித்து, தலையசைத்து, பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இவ்வகை அலுமாரிகள் இரண்டு சாவியோடு வரும். நீங்கள் எனக்கு ஒன்றைத்தான் காட்டினீர்கள். மற்றது?”

அபிஷன் வடைத் தட்டை அவர் பக்கம் இன்னும் சற்றுத் தள்ளினான்.

சாவி என்ற சொல்லைச் சுவர்ணா அம்மையார் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

“கீயோ கேக்கிறா? அது பிள்ளையாரிட்டை எல்லோ கிடக்குது! நேற்றுத்தான் தம்பி, உன்ரை பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விச்சனான். ஐயர் தட்டிலை வைச்சு, சந்தனம் எல்லாம் பூசித் தந்தவர்.”

திருமதி வோல்ஷ் கௌசியின் பக்கம் திரும்பினார். “அம்மா என்ன சொல்கிறார்?”

அபிஷன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, உதடு அசையாமல், “சீனி வேணுமோ எண்டு கேக்கிறா எண்டு சொல்லும்,” என்றான்.

மாமி ஒன்றும் விளங்காமல் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாவி சாமித்தட்டில் இருக்கிறதாம்,” என்று கௌசி இங்கிலீஷில் சொன்னாள். “நேற்றுக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசி பெற்றாராம். எங்களிடம் அது வழக்கம். தயவுசெய்து மன்னிக்க வேண்டும்.”

உண்மையைச் சொல்லும் துணிவினால் சொன்னாளா, அல்லது இத்தோடு தொலையட்டும் என்ற பயத்தினால் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. அபிஷன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள், இருந்தது திகைப்பு.

திருமதி வோல்ஷ் சமையலறைக்குப் போய், சாவியைத் தொடாமல், குனிந்து பார்த்தார்.

“என் இத்தனை வருட வேலையில் சாவியைப் பூச்சாடிக்குள் கண்டிருக்கிறேன், நாயின் கழுத்துப்பட்டியில் கண்டிருக்கிறேன்,” என்று பெருமூச்சு விட்டார். “இது புதிது. ஐயா, இது சரியில்லை, உங்களுக்கே தெரியும். துவக்கு இன்னும் வரவில்லை என்பதால் தப்பினீர்கள். பூட்டை மாற்றிவிட்டு எனக்கு அறிவியுங்கள். மறுபடியும் வந்து பார்க்கிறேன்.”

அவ்வளவுதான். பிள்ளையார் கௌசியின் வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்வது இன்னும் அவள் வாயில்தான் இருந்தது.

“இனி உங்களோடு தனியாகச் சற்றுப் பேசலாமா?” என்றார் திருமதி வோல்ஷ்.

*

அவர்கள் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

“கணவர் வீட்டில் துவக்கு வைத்திருப்பது பற்றி உங்களுக்கு ஏதேனும் கவலை உண்டா?”

ஓம் என்ற சொல் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. ‘எனக்குப் பூரண சம்மதம், மிக்க நன்றி’ என்று முழு வாக்கியமாகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

“அதன் சத்தத்துக்கு எனக்குப் பயமில்லை,” என்று வந்தது. “சத்தம் வருவதற்கு முன் இருக்கும் அமைதிக்குத்தான் பயம். அது இந்த வீட்டுக்குள் வந்துவிட்டால் எனக்கு ஒவ்வோர் அமைதியும் அப்படித்தான் இருக்கும். மன்னிக்க வேண்டும்.”

பிறகு கஞ்சி வரிசையைப் பற்றிச் சொன்னாள். அலுமினியச் சட்டியைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. திருமதி வோல்ஷ் பேனையை மூடி மேசைமேல் வைத்தார்.

“நீங்கள் வேண்டாம் என்றால் இது இங்கேயே நிற்கும்,” என்றார். “நீங்கள் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை.”

அதுவும் ஒரு வழிதான். அவனுக்கு ஏன் என்று தெரியாமலே போய்விடும். அவன் அந்த இரும்பு அலுமாரியைக் கழற்றி, சுவர்த் துளைகளை அடைத்து, ஒன்றும் கேட்காமல் அவளோடு வாழ்வான். அந்த அமைதியைக் கௌசி நினைத்துப் பார்த்தாள். துவக்கு இல்லாமலே துவக்கு இருக்கும் வீடாகிவிடும்.

எழுந்து கதவைத் திறந்தாள்.

“இஞ்சேருங்கோ. இதிலை வந்து இருங்கோ.”

அவன் வந்து இருந்தான். அதிகாரியின் முன்னால், தமிழில், முதலிலிருந்து சொன்னாள். இம்முறை குரல் உடைந்தது. வாசலில் வடைத் தட்டோடு நின்ற மாமி தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“ஷெல் இல்லையோ?” என்று அபிஷன் கேட்டான்.

“இல்லை. துவக்குச் சன்னம், ஒரே ஒரு குண்டு. எங்கையிருந்தோ வந்தது.”

“அண்டைக்குக் கடையிலை, படாட்டி எங்கை போகும் எண்டு நீர் கேட்டது…”

“ஓம்.”

அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க அஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். திருமதி வோல்ஷிடம் திரும்பி, “துவக்கு இந்த வீட்டுக்கு வராது,” என்று இங்கிலீஷில் சொன்னான். கடைக்காரரே தம் காப்பறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். முடியும் என்றும், அதற்கான ஏற்பாட்டைச் சரிபார்க்க நாளாகும் என்றும் அதிகாரி சொன்னார். அவர் புறப்படும்போது மாமி இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். அன்பளிப்பு வாங்க அனுமதி இல்லை என்று அவர் பணிவாக மறுத்துவிட்டார்.

“கோழி கேக்காத பொலிஸ்,” என்று மாமி மெல்லச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “போக வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பின்னாலை மண் இல்லாட்டி சுடாதேங்கோ.”

“சுடமாட்டன்,” என்றான் அவன்.

*

இலையுதிர் காலத்தில் அவன் ஸ்கொட்லாந்துக்குப் போனான். அந்த நாட்கள் முழுவதும் கௌசி வானொலியை அணைக்கவில்லை. தண்ணீர்க் குழாயைக்கூட இலேசாகத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தாள். மாடியறைச் சுவரில் அலுமாரி இருந்த இடத்தில் அடைத்த துளைகள் வெள்ளையாகத் தெரிந்தன.

ஒரு நாள் பின்னேரம் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. மறுமுனையில் காற்று இரைந்தது.

“கௌசி, நான்தான். கேக்குதோ?”

“கேக்குது. சொல்லுங்கோ.”

“காலமையிலையிருந்து நெஞ்சாலை ஊர்ந்து போனனாங்கள். பெரிய கொம்பன் மான். சிக்ஸ் பொயின்ற் ஃபைவுக்கு எட்டுற தூரம்தான். நல்லா ஆடாமல் நிண்டது.”

அவள் வானொலியை அணைத்தாள். “நிண்டதுக்குப் பின்னாலை என்ன இருந்தது?”

“ஒண்டும் இல்லை. மலையின்ரை உச்சியிலை நிண்டது. பின்னாலை வானம்.”

அவள் ஓடிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

“கூட வந்தவர் பொறு எண்டு கையைக் காட்டினவர். அவர் காட்டுறதுக்கு முன்னமே நான் விரலை எடுத்திட்டன், கௌசி. அந்தப் பக்கம் ஆர் வரிசையிலை நிக்கினமோ எண்டு நினைச்சன். பிறகு அது இறங்கி அங்காலை போயிட்டுது.”

“போகட்டும்,” என்றாள். “குளிருக்கை நிக்காதேங்கோ. போய்ச் சாப்பிடுங்கோ.”

தொலைபேசியை வைத்தாள். சுடவில்லை. அவன் சுடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. குழாயும் சொட்டவில்லை, வீதியில் காரும் போகவில்லை.

சத்தம் எதுவும் வரவில்லை. ஆனாலும் அது பின்னால்தான் வரும் என்பதை அறிந்தவளாகையால், மேசை விளிம்பைப் பிடித்தபடி, அவள் இன்னும் சற்று நேரம் காத்துக்கொண்டு நின்றாள்.